திருச்சிராப்பள்ளி இருப்புப் பாதைகளும் தமிழ் முஸ்லிம் ஊர்களும்

தமிழ் முஸ்லிம்களின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் கடலிலிருந்தே தொடங்குவர். அரபுக் குதிரை வணிகம், மரக்கலங்கள், காயலும் கீழக்கரையும் நாகூரும் முதலில் வரும். பின்னர் இறைநேசச் செல்வர்களும் ஆர்க்காட்டு நவாபுகளும் வருவர். அதன்பின் எழுத்து நேராக விடுதலைப் போராட்டத்திற்குத் தாவிவிடும். இடைப்பட்ட காலத்தில் நம் ஊர்களை ஒன்றோடொன்று இணைத்ததும், சிலவற்றை உயர்த்திச் சிலவற்றைத் தாழ்த்தியதும், மாணவனை மதரஸாவுக்கும் வணிகனைத் துறைமுகத்திற்கும் ஹாஜியைப் பம்பாய்க்கும் கொண்டு சேர்த்ததுமான ஒன்று அந்த ஏடுகளில் இடம்பெறுவதில்லை. அதுதான் இருப்புப் பாதை.

இக்கட்டுரையில் திருச்சிராப்பள்ளியையும் அதனை அடுத்த ஸ்ரீரங்கத்தையும் நடுவாகக் கொண்டு, அங்கிருந்து பிரிந்த பாதைகளையும் அவற்றின் ஓரத்தில் எழுந்த சிறு நிலையங்களையும் ஆராய்கிறோம். ஒரு பாதை எவ்வூர் வழியாகச் செல்ல வேண்டும் என்பதை யார் தீர்மானித்தார்கள்? அதற்கான பணம் யாருடையது? அத்தீர்மானத்தால் நம் ஊர்களுக்கு நேர்ந்தது என்ன? இம்மூன்று கேள்விகளுக்கும் விடை காண்பதே நம் நோக்கம்.

நாகையிலிருந்து வந்த பாதை

இந்தியாவின் முதல் பயணியர் இரயில் 1853இல் பம்பாய்க்கும் தானாவுக்கும் இடையே ஓடியது. தென்னகத்தின் முதல் இரயில் 1856இல் சென்னை இராயபுரத்திலிருந்து ஆர்க்காட்டுப் பகுதியின் வாலாஜாவுக்குச் சென்றது. அவ்வூர் நவாப் முஹம்மது அலி வாலாஜாவின் பெயரைத் தாங்கியது. 1795இல் மறைந்த அந்த நவாபின் அடக்கவிடம் திருச்சியிலுள்ள நத்ஹர் வலி தர்கா வளாகத்தில் இருப்பதை வாசகர்கள் அறிவர்.

ஆனால் திருச்சிக்கு இரயில் சென்னையிலிருந்து வரவில்லை. கிழக்குக் கடற்கரையிலிருந்து வந்தது. 'கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா' என்ற ஆங்கிலேயக் கம்பெனி, நாகப்பட்டினம் துறைமுகத்தில் தொடங்கி 1861இல் தஞ்சாவூரையும் 1862இல் திருச்சிராப்பள்ளியையும் எட்டியது. 1866இல் பாதை கரூரை அடைந்தது. 1868இல் ஈரோட்டில் சென்னைப் பாதையுடன் இணைந்தது. காவிரிச் சமவெளியின் விளைபொருளைக் கடலுக்கு இறக்குவதும், கடல்வழி வந்த சரக்கை உள்நாட்டிற்கு ஏற்றுவதும் இப்பாதையின் முதன்மைப் பணி. பயணிகள் கூட்டம் கம்பெனியின் கணக்கில் இரண்டாவதாகவே இருந்தது. ஆயினும் இந்நாட்டு மக்கள் மூன்றாம் வகுப்பில் திரண்டு ஏறினர்.

1874இல் இக்கம்பெனியும் கர்நாடிக் கம்பெனியும் இணைந்து 'தென்னிந்திய இரயில்வே' உருவாயிற்று. திருச்சி அதன் தலைமையிடமாயிற்று. 1875இல் திண்டுக்கல் வழியாக மதுரைக்கும், 1876இல் தூத்துக்குடிக்கும் பாதை நீண்டது. தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குக் கப்பல் இருந்தமையால் இலங்கை வணிகத்தில் ஈடுபட்டிருந்த நம்மவர்க்கு இப்பாதை பெரிதும் உதவிற்று.

1870களில் மற்றொரு மாற்றமும் நிகழ்ந்தது. தொடக்கத்தில் 1,676 மில்லிமீட்டர் அகலத்தில் போடப்பட்ட நாகைப் பாதை, செலவைக் குறைக்கும் அரசின் கொள்கைக்கு ஏற்ப ஒரு மீட்டர் அகலத்திற்குக் குறுக்கப்பட்டது. அகலப் பாதையும் மீட்டர் பாதையும் சந்திக்கும் இடத்தில் பயணி இறங்கி மாறியாக வேண்டும். சரக்கையும் இறக்கி ஏற்றியாக வேண்டும். திருச்சியிலிருந்து மீட்டர் பாதை வண்டியில் புறப்பட்ட ஹாஜி சென்னை எழும்பூரில் இறங்கி, மூட்டை முடிச்சுகளோடு சென்ட்ரல் நிலையத்திற்குக் குதிரை வண்டியில் சென்று, அங்கே பம்பாய் வண்டி பிடிக்க வேண்டியிருந்ததன் காரணம் இதுவே. சென்னைக்கும் பம்பாய்க்கும் இடையே இரயில் தொடர்பு 1871இல் ஏற்பட்டது. அதன்பின் தமிழகத்து ஹஜ் பயணத்தின் முதல் கட்டம் இருப்புப் பாதையிலேயே நடந்தது.

ஒரு நகருக்கு இத்தனை நிலையங்கள் ஏன்?

திருச்சிக்குப் புதிதாக வருவோர் வியப்பது ஒன்றுண்டு. சந்திப்பு, பாலக்கரை, கோட்டை, டவுன், பொன்மலை, ஸ்ரீரங்கம் என ஒரே நகர்ப் பகுதியில் இத்தனை நிலையங்கள் ஏன்? ஒவ்வொரு நிலையமும் ஒரு காலத்தின் தேவையை உணர்த்துகிறது என்பதே விடை.

சந்திப்பு நிலையம் பழைய நகரத்திற்கு வெளியே, வெள்ளையர் குடியிருப்பும் படை வீடும் அமைந்த கண்டோன்மென்ட் பகுதியில் எழுந்தது. மலைக்கோட்டையைச் சூழ்ந்த பழைய நகரத்து மக்களுக்கு அது தொலைவு. அக்குறையை ஈரோட்டுப் பாதையிலுள்ள பாலக்கரையும் கோட்டையும் தீர்த்தன. டவுன் நிலையமும் ஸ்ரீரங்கமும் வேறொரு பாதையைச் சேர்ந்தவை. அது விழுப்புரத்திலிருந்து விருத்தாசலம், அரியலூர், லால்குடி வழியாக 1927க்கும் 1929க்கும் இடையே போடப்பட்ட நேர்ப்பாதை. மக்கள் வழக்கில் அது 'கார்டு லைன்'. அதே காலத்தில் 1929இல் திருச்சியிலிருந்து புதுக்கோட்டைக்கும், 1930இல் அங்கிருந்து மானாமதுரைக்கும் பாதை திறக்கப்பட்டது. ஆக, தஞ்சை, ஈரோடு, திண்டுக்கல், விழுப்புரம், மானாமதுரை என ஐந்து திசைகளுக்குத் திருச்சியிலிருந்து பாதைகள் பிரிந்தன. துறைமுகமே இல்லாத ஓர் உள்நாட்டு நகரம் துறைமுகங்கள் அனைத்திற்கும் வாயிலானது இவ்வாறுதான்.

ஸ்ரீரங்கம் நிலையத்தைத் தனியே கருத வேண்டும். திருச்சிக்கு இரயில் வந்தது 1862இல். காவிரியின் தென்கரையில் நின்றுவிட்ட அந்த இரயில், ஆற்றின் மறுகரையிலுள்ள புகழ்பெற்ற தலத்தை அடைய ஏறத்தாழ 65 ஆண்டுகள் ஆயின. அதுவரை திருவரங்கத்திற்கு வந்த யாத்திரிகர்கள் தென்கரையில் இறங்கி, வண்டியிலோ நடந்தோ சாலைப் பாலத்தைக் கடந்தனர். இந்தத் தாமதத்தின் காரணம் பக்திக் குறைவன்று, பணக் கணக்கே. ஸ்ரீரங்கம் காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடைப்பட்ட தீவு. அங்கே செல்ல ஒரு பெரும்பாலமும், அதனைத் தாண்ட மற்றொரு பெரும்பாலமும் வேண்டும். ஒரு தலத்திற்காக மட்டும் எக்கம்பெனியும் அச்செலவை ஏற்காது. சென்னைக்கும் திருச்சிக்கும் இடையிலான தொலைவில் ஏறத்தாழ 60 கிலோமீட்டர் குறையும் என்ற கணக்கு வந்தபோது இரண்டு பாலங்களும் எழுந்தன. ஸ்ரீரங்கத்திற்கு நிலையமும் கிடைத்தது.

திருவரங்கக் கோயிலில் 'துலுக்க நாச்சியார்' சந்நிதி உண்டு. தில்லி சுல்தானின் மகளாகக் கருதப்படும் அவருக்கு ரொட்டி படைக்கும் வழக்கமும் உண்டு. அந்தக் கதையின் வரலாற்று மெய்ம்மையை ஆராய்வது நம் வேலையன்று. இரு சமூகத்தாரும் ஒருவரையொருவர் அறிந்து வாழ்ந்த நிலப்பகுதி இது என்பதற்கு அது சான்று. நேர்ப்பாதையின் அடுத்த பெரிய நிலையமான லால்குடியின் பெயருக்கும், சிவந்த கோபுரத்தைக் கண்ட முஸ்லிம் படையினர் 'லால்' என்று குறித்ததாகச் செவிவழிக் கதை ஒன்று கூறப்படுகிறது. கதை எதுவாயினும், உருதுச் சொல் ஒன்று காவிரிக்கரை நிலையத்தின் பெயர்ப்பலகையில் நிற்பதை அவ்வூர் மக்கள் இயல்பாகவே ஏற்றுள்ளனர்.

சிற்றூர் நிலையங்கள்

பெரிய சந்திப்புகளைவிடச் சிறு நிலையங்களே நம் சமூக வரலாற்றில் கூடுதலாகப் பேசத்தக்கவை. சென்னையிலிருந்து கடலூர், மயிலாடுதுறை, கும்பகோணம், தஞ்சை வழியாகத் திருச்சிக்கு வரும் பழைய 'மெயின் லைன்' 1870களில் நிறைவுற்றது. அதன் நிலையப் பெயர்களை வரிசையாகப் படித்தால் அது முஸ்லிம் ஊர்களின் அட்டவணை போலவே தோன்றும். பரங்கிப்பேட்டை துறைமுக ஊர். நீடூர், மிஸ்பாஹுல் ஹுதா அரபுக் கல்லூரியால் அறியப்படும் ஊர். தஞ்சையை நெருங்கும்போது பாபநாசம், பண்டாரவாடை, அய்யம்பேட்டை என நிலையங்கள் அடுத்தடுத்து வரும். இராஜகிரியும் சக்கராப்பள்ளியும் இவற்றின் அணுக்கத்திலுள்ளவை. இவ்வூர்களிலிருந்து மலேயாவுக்கும் சிங்கப்பூருக்கும் பொருளீட்டச் சென்றோர் சிறு நிலையத்தில் வண்டி ஏறி நாகப்பட்டினம் சேர்ந்து, அங்கிருந்து கப்பலேறினர். 1926இல் கட்டப்பட்ட 'ரஜூலா' கப்பல் சென்னை, நாகை, பினாங்கு, சிங்கப்பூர் வழியில் 1970களின் தொடக்கம் வரை ஓடியது. ஒரு குடும்பத்தின் பெருமூச்சும் நம்பிக்கையும் கலந்த வழியனுப்பு நடந்த இடம் பெரும்பாலும் துறைமுகமன்று. ஊர்ப்பக்கத்துச் சிறு நிலையத்தின் மேடையே.

இச்சிறு நிலையம் என்பது என்ன? ஒற்றைப் பாதையில் எதிரெதிரே வரும் வண்டிகள் விலகிச் செல்ல ஒரு கிளைத்தடம். நிலைய அதிகாரிக்கு ஓர் அறை. பயணச்சீட்டுச் சாளரம். ஒரு தந்திக் கருவி. தாழ்ந்தால் வழி உண்டென்றும் கிடந்தால் இல்லையென்றும் காட்டும் கைகாட்டி மரம். அடுத்த நிலையத்தின் ஒப்புதலின்றிக் கருவியிலிருந்து வெளிவராத ஓர் அடையாளத் துண்டை ஓட்டுநர் கையில் பெற்ற பின்னரே வண்டி நகரும். ஒரு பாதைப் பகுதிக்கு ஒரே அமானிதம். அதனை வைத்திருப்பவருக்கே உரிமை. இத்தனை எளிய ஏற்பாட்டில்தான் ஆயிரக்கணக்கானோரின் உயிர் பாதுகாக்கப்பட்டது.

அஞ்சலும் செய்தித்தாளும் புத்தகக் கட்டும் இறங்கியதும் இங்கேதான். வேலூர் பாகியாத்துஸ் ஸாலிஹாத்திற்கு ஓதச் சென்ற மாணவர்கள் விழுப்புரம் வரை வந்து, 1891இல் திறக்கப்பட்ட காட்பாடிப் பாதையில் மாறி வேலூர் கண்டோன்மென்ட்டில் இறங்கினர். கிதாபுகளும் அவ்வழியே பயணம் செய்தன. தமிழகத்து அரபு மதரஸாக்களின் மாணவர் வட்டம் ஓர் ஊரளவிலிருந்து மாநில அளவுக்கு விரிந்ததில் இருப்புப் பாதைக்குப் பங்குண்டு என்று கருதுகிறோம்.

பணம் யாருடையது?

மேலே கண்ட பாதைகள் பெரும்பாலும் 'உத்தரவாத முறை'யில் எழுந்தவை. இங்கிலாந்தில் பங்கு வாங்கியவருக்கு ஆண்டுதோறும் பொதுவாக நூற்றுக்கு 5 வீதம் வட்டி கிடைக்கும் என்று அரசு உறுதி கூறியது. பாதை இலாபம் ஈட்டாவிட்டால் குறையை இந்திய வருவாயிலிருந்து ஈடு செய்தது. இலாபம் அவர்களுக்கு, நட்டம் நமக்கு என்ற இந்த ஏற்பாட்டைத் தாதாபாய் நௌரோஜி போன்ற பொருளியல் அறிஞர்கள் கடுமையாகக் கண்டித்தனர். முதலிட்டவன் நட்டத்தில் பங்கு கொள்ளாத ஒப்பந்தத்தை நம் ஃபிக்ஹு நூல்கள் எவ்வாறு நோக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. பணம் இலண்டனுடையதாகவும் பொறுப்பு வரி செலுத்தும் உழவனுடையதாகவும் இருந்தபோது, பாதையின் திசையும் துறைமுகத்தையும் படை வீட்டையும் நோக்கியே அமைந்தது.

இதற்கு மாற்றாக நம் பகுதியிலேயே மற்றொரு முறை தோன்றியது. தஞ்சாவூர் ஜில்லா போர்டு, நிலவரியோடு சேர்த்துத் தண்டிய சிறு மேல்வரியிலிருந்து நிதி திரட்டி, மாயவரத்திலிருந்து திருவாரூர், திருத்துறைப்பூண்டி வழியாக முத்துப்பேட்டைக்குப் பாதை அமைத்தது. 1894இல் திறக்கப்பட்ட இது, இந்தியாவில் ஜில்லா போர்டு ஒன்று தன் பணத்தில் அமைத்த முன்னோடிப் பாதை. பின்னர் அது அதிராம்பட்டினம், பட்டுக்கோட்டை வழியாக 1903இல் அறந்தாங்கி வரை நீண்டது. முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் என்னும் இரு பெரும் முஸ்லிம் ஊர்கள் இரயில் கண்டது இலண்டன் பங்குதாரரால் அன்று. இம்மாவட்டத்து உழவர் தந்த காசினால். பணம் உள்ளூருடையதாக இருந்தபோது பாதையும் உள்ளூரின் தேவையை நோக்கித் திரும்பியது.

மூன்றாவது முறை இஸ்லாமிய உலகிலிருந்து வந்தது. சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீது 1900இல் தொடங்கிய ஹிஜாஸ் இரயில்வே, திமிஷ்கிலிருந்து ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் தொலைவு பாலைவனத்தைக் கடந்து 1908இல் மதீனாவை அடைந்தது. பாதையின் அகலம் 1,050 மில்லிமீட்டர். நம் மீட்டர் பாதையைவிட ஒரு சாண் கூட அதிகமில்லை. அதன் சிறப்பு அகலத்திலன்று, நிதியிலே. வெளிநாட்டு முதலாளிகளின் கடனை நாடாமல், உலக முஸ்லிம்களின் நன்கொடையையும் உஸ்மானியப் பேரரசின் உள்நாட்டு வருவாயையும் கொண்டு அது அமைந்தது. நன்கொடையாளர்களில் இந்திய முஸ்லிம்களும் இருந்தனர். ஒட்டகக் கூட்டத்தில் நாற்பது நாள் ஆன பயணம் சில நாட்களாகச் சுருங்கியது. எனினும் அதன் ஆயுள் குறுகியது. முதல் உலகப் போரில் தென்பகுதிப் பாதை தகர்க்கப்பட்டு, மதீனா வரையிலான ஓட்டம் மீளவே இல்லை. மதீனாவின் அன்பரிய்யா நிலையக் கட்டடம் அருங்காட்சியகமாக நிற்கிறது. மக்கா, மதீனா இடையே மின்சார அதிவேக இரயில் வந்தது 2018இல்.

மூன்று முறைகளையும் ஒப்பிட்டால் ஓர் உண்மை புலப்படும். நன்கொடையால் எழுந்தது உயர்ந்த நோக்குடையது. ஆனால் போரையும் அரசியலையும் தாங்கவில்லை. வட்டி உத்தரவாதத்தால் எழுந்தது நிலைத்தது. ஆனால் அதன் விலையை ஏழை கொடுத்தான். உள்ளூர் வரியால் எழுந்தது சிறியது. ஆனால் நீதிக்கு மிக அண்மையில் இருந்தது.

நிலையக் கடிகாரமும் தொழுகை நேரமும்

இரயில் நம் வாழ்வில் கொண்டுவந்த மற்றொரு மாற்றம் நேரத்தைப் பற்றியது. இரயிலுக்கு முன் ஒவ்வோர் ஊரும் தன் ஞாயிற்றைக் கொண்டே பொழுதறிந்தது. உச்சி சாய்ந்தால் லுஹர். ஞாயிறு மறைந்தால் மஃரிப். நாகையின் உச்சிப்பொழுதும் ஈரோட்டின் உச்சிப்பொழுதும் ஒன்றல்ல. தீர்க்கரேகையில் ஒரு பாகைக்கு 4 நிமிடம் என்ற கணக்கின்படி அவ்விரு ஊர்களுக்கும் இடையே ஏறத்தாழ 8 நிமிட வேறுபாடு உண்டு. ஒற்றைப் பாதையில் ஓடும் வண்டிக்கு ஊருக்கொரு நேரம் பொருந்தாது, மோதலே மிஞ்சும். ஆகவே இரயில்வேக்கள் சென்னை வானாய்வு நிலையத்தின் நேரத்தைப் பொதுவாகக் கொண்டன. 1906இல் இந்திய நிலைநேரம் வந்தபோது கடிகாரங்கள் மேலும் ஏறத்தாழ 9 நிமிடம் முன்னே தள்ளப்பட்டன.

இந்திய நிலைநேரம் கிழக்குத் தீர்க்கரேகை 82½ பாகையைச் சார்ந்தது. திருச்சி அதற்கு மேற்கே 4 பாகைக்குச் சற்றுக் குறைவாக அமைந்துள்ளது. எனவே திருச்சியில் ஞாயிறு உச்சிக்கு வருவது கடிகாரத்தின் 12 மணிக்கன்று, சராசரியாக 12.15க்கு. ஞாயிற்றின் ஆண்டுப் போக்கு மாறுவதால் நவம்பர்த் தொடக்கத்தில் அது 12 மணியை ஒட்டியும், பிப்ரவரி நடுவில் 12.30ஐ ஒட்டியும் வரும். பள்ளிவாசல் சுவர்களில் நாம் காணும் நிரந்தரத் தொழுகை நேர அட்டவணைக்குத் தேவை ஏற்பட்டது இப்படித்தான். கடிகாரம் ஞாயிற்றைவிட்டு விலகியபோது, இரண்டையும் இணைக்க ஒரு கணக்கு வேண்டியதாயிற்று. முன்னோர் வளர்த்த இல்முல் மீக்காத் என்னும் நேரக் கலை இங்கே மீண்டும் பயன்பட்டது. ரமலானில் மேற்கு நோக்கிச் செல்லும் வண்டியில் நோன்பாளி ஒருவர், தாம் புறப்பட்ட ஊரின் அட்டவணையைப் பார்த்து நோன்பு திறக்கலாகாது. தாம் இருக்கும் இடத்தில் ஞாயிறு மறைந்ததா என்பதே அளவுகோல்.

பயணியின் தொழுகை பற்றியும் கேள்விகள் எழுந்தன. ஹனஃபி மத்ஹபில் மூன்று நாள் நடைத்தொலைவு ஸஃபர் எனப்பட்டது. இந்திய உலமாக்கள் அதனை 48 மைல், அதாவது ஏறத்தாழ 77 கிலோமீட்டர் எனக் கணித்தனர். ஷாஃபிஈ மத்ஹபில் இரண்டு மர்ஹலா. அது சற்று அதிகம். மூன்று நாள் நடையை இரயில் இரண்டு மணியில் கடக்கும்போது சலுகை நீடிக்குமா? நீடிக்கும் என்பதே இரு மத்ஹபினரின் விடை. சட்டம் தொங்குவது பயணம் என்னும் காரணத்தின் மீது. களைப்பு அதன் பின்னணியிலுள்ள ஞானம் மட்டுமே. காரணம் இருக்கும்வரை சட்டம் இருக்கும். இவ்வகையில் திருச்சியிலிருந்து 50 கிலோமீட்டர் தொலைவிலுள்ள தஞ்சைக்குச் செல்பவர் முஸாஃபிர் ஆவதில்லை. நாகைக்குச் செல்பவர் ஆகிறார். கரூருக்குச் செல்பவரோ எல்லைக்கோட்டை ஒட்டி நிற்கிறார். ஆலிமிடம் கேட்டே அவர் முடிவு செய்ய வேண்டும். ஒரே பெட்டியில் அமர்ந்த ஷாஃபிஈ மரக்காயர் இரு தொழுகைகளைச் சேர்த்துத் தொழுவதையும், ஹனஃபி இராவுத்தர் சேர்க்காமல் சுருக்கி மட்டும் தொழுவதையும் பிறர் கண்டனர். கடற்கரை மத்ஹபும் உள்நாட்டு மத்ஹபும் நெருங்கி அறிமுகமானதில் இரயில் பெட்டிக்கும் பங்குண்டு.

பொன்மலையும் நாகையின் இழப்பும்

நாகப்பட்டினத்தில் 1897இல் அமைந்த இரயில்வே தொழிற்சாலை, 1928இல் திருச்சியின் பொன்மலைக்கு மாற்றப்பட்டது. 1753இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் போரிட்ட அதே பாறையின் அடிவாரம் அது. திருச்சிக்கு இது பெரும்பேறு. தொழிலாளர் குடியிருப்பும் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையும் எழுந்தன. நாகைக்கு இது பேரிழப்பு. பாதையின் தொடக்கமாயிருந்த ஊர் அதன் கிளை முனையாயிற்று. இந்த மாற்றத்தையொட்டி ஆட்குறைப்பு வந்தபோது 1928 ஜூலையில் தென்னிந்திய இரயில்வே முழுவதும் வேலைநிறுத்தம் மூண்டது; சிங்காரவேலர் உள்ளிட்ட தலைவர்கள் சிறை சென்றனர். 1946 செப்டம்பர் 5 அன்று பொன்மலையில் துப்பாக்கிச் சூட்டில் 5 தொழிலாளர் உயிரிழந்தனர். பிற்காலத்தில் நீலகிரி மலை இரயிலுக்கான நீராவி எஞ்சின்களைப் புதிதாகச் செய்தளித்ததும் இதே தொழிற்சாலைதான்.

தெற்கே 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டு, சென்னையிலிருந்து தனுஷ்கோடிக்கும், கப்பல் வழியே தலைமன்னாருக்கும் 'போட் மெயில்' பயணம் அமைந்தது. கொழும்புப் பயணத்தில் தூத்துக்குடி வகித்த இடத்தை இது பெற்றது. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. நிலையத்தை நெருங்கிய வண்டியும் பயணிகளோடு கடலில் மூழ்கிற்று. இராமேஸ்வரத்திலிருந்து தொடர்ந்த கப்பலும் 1984இல் நின்றது. நேர்ப்பாதையிலும் துயரம் உண்டு. 1956 நவம்பர் 23 அன்று அரியலூர் அருகே மருதையாற்று வெள்ளத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். இரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி துறந்தார். பதவி ஓர் அமானிதம் என்பதைச் செயலில் காட்டிய அந்நிகழ்வு இன்றும் எடுத்துக்காட்டாகப் பேசப்படுகிறது.

மேடையில் சமத்துவம், பலகையில் பெயர்

இரயில் அனைவரையும் ஒரே பெட்டியில் அமர்த்தியது உண்மை. ஆனால் நிலையத்தின் உணவு விடுதியில் பிரிவினை நீடித்தது. பிராமணருக்குத் தனியிடம், ஏனையோருக்குத் தனியிடம் என்ற வழக்கத்தைப் பெரியார் ஈ.வெ.ரா. எதிர்த்துப் போராடிய பின் 1941இல் தென்னிந்திய இரயில்வே நீக்கியது. ஒரே சஹனில் கைவைத்து உண்ணும் வழக்கமுடைய சமூகத்தார்க்கு இப்போராட்டத்தின் பொருள் எளிதில் விளங்கும்.

பெயர்ப்பலகையும் போராட்டக் களமாயிற்று. நேர்ப்பாதையிலுள்ள கல்லக்குடிக்குச் சிமெண்ட் ஆலை முதலாளியின் பெயரால் 'டால்மியாபுரம்' என்று பலகை வைக்கப்பட்டிருந்தது. 1953 ஜூலை 15 அன்று மு. கருணாநிதி தலைமையில் திராவிட முன்னேற்றக் கழகத்தினர் அங்கே தண்டவாளத்தில் படுத்து மறியல் செய்தனர், உயிர்ச்சேதமும் நேர்ந்தது. இன்று அந்நிலையம் 'கல்லக்குடி பழங்காநத்தம்' என்னும் பெயரைத் தாங்குகிறது. ஓர் ஊரின் பெயர் அவ்வூர் மக்களுக்குரியது. பணமிட்டவனுக்குரியதன்று என்பதே அப்போராட்டத்தின் சாரம்.

நாம் செய்ய வேண்டியது

தென்னிந்திய இரயில்வேயை 1944இல் அரசு ஏற்றது. 1951இல் அது தெற்கு இரயில்வேயில் கலந்தது. மீட்டர் பாதைகள் ஒவ்வொன்றாக அகலப்பட்டன. சென்னை–திருச்சி நேர்ப்பாதை 1990களின் இறுதிக்குள் அகலப் பாதையாயிற்று. திருவாரூர்–காரைக்குடிப் பாதையின் பணி பல்லாண்டு நீண்டு 2019இல்தான் நிறைவுற்றது. அந்த இடைவெளியில் முத்துப்பேட்டையும் அதிராம்பட்டினமும் வண்டியின்றி நின்றன. ஒரு காலத்தில் தம் சொந்த வரியால் பாதை கண்ட பகுதி, பிற்காலத்தில் மனுக் கொடுத்துக் காத்திருக்க நேர்ந்தது. கீழக்கரைக்கும் லால்பேட்டைக்கும் இன்றளவும் நிலையம் இல்லை. பாதை வருவதும் வராததும் இயற்கையன்று. யாரோ கேட்டதன், கேளாததன் விளைவே.

இதிலிருந்து நாம் பெறும் படிப்பினை இரண்டு. ஒன்று, பொதுப் பணிகள் திட்டமிடப்படும் அவைகளில் நம் ஊர்களின் குரல் உரிய காலத்தில் ஒலிக்க வேண்டும். ஸகாத்தின் எட்டுப் பங்குகளில் வழிப்போக்கனுக்கு ஒன்றை ஒதுக்கிய மார்க்கத்தினர், பயணியின் வசதியைப் பிறர் கவலையென்று விட்டுவிடலாகாது. மற்றொன்று, மறையும் முன் பதிய வேண்டும். திருச்சியில் 2014இல் இரயில்வே பாரம்பரிய மையம் திறக்கப்பட்டது. அங்கே கருவிகளும் எஞ்சின்களும் காக்கப்படுகின்றன. ஆனால் எந்த நிலையத்தில் எவ்வூர் மக்கள் ஏறினர், எம்மதரஸாவின் மாணவர் இறங்கினர், எத்தனை ஹாஜிகள் வழியனுப்பப்பட்டனர் என்பதை எந்த மையமும் நமக்காகப் பதியாது. ஜமாஅத்தின் பழைய கணக்கேடுகளிலும், மதரஸாக்களின் சேர்க்கைப் பதிவுகளிலும், வீடுகளில் கிடக்கும் பயண ஆவணங்களிலும், முதியோர் நினைவுகளிலும் அவை சிதறிக் கிடக்கின்றன. ஒவ்வோர் ஊரிலும் மாணவர் இருவர் முன்வந்து தம் ஊர் நிலையத்தின் வரலாற்றை நாற்பது பக்கத்தில் எழுதினால் போதும். தமிழ் முஸ்லிம் வரலாற்றின் விடுபட்ட ஓர் அத்தியாயம் நிரம்பிவிடும். அதற்கான தவ்ஃபீக்கை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக.